ஒரு பாகம் கயிறு

நேயர்களுக்கு வணக்கம். நான் மண்டபத்துக்காரன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவன். ஆனாலும் பிதாகரஸ் தேற்றம் எனக்கு முதலில் உறைத்த இடம் என் மாமாவின் மீன்பிடி வல்லம், அதாவது படகு.

பத்தாம் வகுப்பு லீவு. வடகடலில் மூன்று பாகம் தண்ணீரில் கிடந்தோம். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நங்கூரக் கயிற்றை ஐந்து பாகம் விட்டேன். இரண்டு பாகம்தானே கூட என்று நினைப்பு. வாடைக்காற்று மெல்லத் தள்ள, வல்லம் நழுவிப்போய்ப் பக்கத்து வல்லத்தில் முட்டியது. "ரெண்டு பாகம் கூட விட்டா ரெண்டு பாகந்தான் நகரும்னு எவன்டா சொன்னான்?" என்றார் மாமா.

ஆழம் ஒரு பக்கம், விறைத்து நிற்கும் கயிறு கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே நிற்கும் பக்கம். ஐந்தின் வர்க்கம் 25-இல் மூன்றின் வர்க்கம் 9 போனால் 16; அதன் வர்க்கமூலம் நாலு. வல்லம் நகர்ந்தது நாலு பாகம்.

பிதாகரஸ் பேரில் வழங்கினாலும், அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தியே பாபிலோனியர்கள் இப்படிப்பட்ட எண்களைக் களிமண் பலகையில் எழுதி வைத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

தென்கடல் பக்கம் 12 பாகம் ஆழத்தில் 13 பாகம் கயிறு விடுங்கள். 169-இல் 144 போனால் 25. ஒரே ஒரு பாகம் கூட விட்டதற்கு ஐந்து பாகம் விலகல்! கர்ணத்தில் கூடுகிற துண்டு அப்படியே நிற்காது. 12-ம் 13-ம் சேர்ந்த 25-ஆல் பெருகி, அதன் வர்க்கமூலமாக வெளியே வரும். ஆழம் கூடக் கூட, அந்தத் துண்டுக்குப் பலம் கூடும்.

இதை இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமா? தனுஷ்கோடி மணலில் நில்லுங்கள். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர், அது ஒரு பக்கம். அதோடு உங்கள் கண்ணின் உயரம் ஒன்றரை மீட்டர் சேர்ந்தால் கர்ணம். மூன்றாவது பக்கம், கடலும் வானமும் தொடுகிற கோடு வரை உள்ள தூரம்: ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். ஒன்றரை மீட்டர் செய்கிற வேலை அது.

தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் கரையின் மணல் தெரிய, காற்றில் ஒளி வளைவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், 70 மீட்டர் உயரத்தில் கண் இருக்க வேண்டும். மணலில் நின்று கண்ணைச் சுருக்கி, "இலங்கை தெரியுதா சார்?" என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் அந்தப் பக்கமே பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். வணக்கம்.