பன்னிரண்டு குடுவைகளும் ஓர் உறைபெட்டியும்

அவையோருக்கு வணக்கம். பரிணாமத்தைச் சோதனைக்கூடத்தில் எப்படிப் பிடிப்பது? 1988 பிப்ரவரியில் அமெரிக்க அறிவியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வைத்துத் தொடங்கிய சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரே மூதாதையிலிருந்து 12 குடுவைகள். இந்த பாக்டீரியா தங்களுக்குள் மரபணுக்களைக் கலந்துகொள்வதில்லை. ஆகவே அங்கே தோன்றும் வேறுபாடு எல்லாமே அந்தந்தக் குடுவையில் நேர்ந்த சடுதிமாற்றம்தான்.

அன்றாட வேலை எளிது. பழைய வளர்ப்பிலிருந்து 0.1 மி.லி. எடுத்து 9.9 மி.லி. புதிய ஊடகத்தில், அதாவது ஊட்டக் கரைசலில், விட்டு, 37 டிகிரியில் குலுக்கி வைக்க வேண்டும். நூறில் ஒரு பங்கு மறுபடி நூறு மடங்காகப் பெருக ஏறக்குறைய 6.6 தலைமுறை ஆகும். லிட்டருக்கு 25 மி.கி. குளுக்கோஸ்தான் உணவு, தட்டுப்பாடு வேண்டுமென்றே வைத்தது. 500 தலைமுறைக்கு ஒருமுறை, உறைதலில் செல்களைக் காக்கும் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள். உறைந்தவை சாவதில்லை, வேண்டும்போது எழுப்பலாம்.

ஆபத்து கலப்படத்தில்தான். அதற்காகவே ஆறு குடுவைகள் அராபினோஸ் சர்க்கரையை உண்ணும், ஆறு உண்ணாது. சோதனைத் தட்டில் ஒன்று வெள்ளையாக வளரும், மற்றது சிவப்பாக. இரண்டையும் மாற்றி மாற்றி வரிசைப்படுத்துவதால், பக்கத்துக் குடுவையிலிருந்து சிந்தினால் நிறம் காட்டிக்கொடுக்கும். உடனே உறைபெட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தகுதியை, அதாவது போட்டியில் எது வேகமாகப் பெருகுகிறது என்பதை, அளக்கவும் இதே நிறம்தான். மூதாதையையும் வழித்தோன்றலையும் எதிரெதிர் நிறத்தில் சம அளவு கலந்து, தொடக்கத்திலும் 24 மணி நேரம் கழித்தும் தட்டில் பரப்பி எண்ணுகிறார்கள். கலப்பதற்கு முன் இரண்டையும் ஒரு நாள் அதே ஊடகத்தில் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் உறைநிலையிலிருந்து எழும் தாமதத்தைத் தகுதி என்று கணக்கிட்டுவிடுவோம். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களின் எண்களை நான் நம்பமாட்டேன்.

2003இல் ஒரு குடுவை வழக்கத்துக்கு மீறிக் கலங்கியது. கலப்படம் என்று ஐயப்பட்டதே முறை. சோதித்ததில் சொந்த வம்சம்தான். ஊடகத்தில் முதல்நாளிலிருந்தே கிடந்த சிட்ரேட் என்ற சிட்ரிக் அமில உப்பை அது உண்ணத் தொடங்கியிருந்தது. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலை செய்யாத வேலை அது. லென்ஸ்கியின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சக்கரி பிளவுண்ட், உறைந்திருந்த பழைய மாதிரிகளை எழுப்பிச் சோதனையை மறுபடி ஓட்டினார். 20,000ஆம் தலைமுறைக்குப் பிந்தியவற்றிலிருந்து மட்டுமே அந்தத் திறன் மீண்டும் எழுந்தது. முன்னேற்பாடாக வேறு மாற்றங்கள் தேவைப்பட்டிருக்கின்றன. அதன்பின் ஒரு மரபணுத் துண்டு இரட்டித்து, சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் மரபணு, ஆக்சிஜனிலும் இயங்கும் வேறொரு மரபணு விசையின் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) கீழ் வந்துவிட்டது. முதலில் தோன்றிய வகை பலவீனமானது: சுமார் 31,500ஆம் தலைமுறையில் தோன்றியும், கலங்கல் தெரிந்தது 33,000ஐ ஒட்டித்தான். உறைபெட்டி இல்லாமல் கண்ணை மட்டும் நம்பியிருந்தால் அந்த 1,500 தலைமுறையும் கைநழுவியிருக்கும்.