ஸ்டோர் அடுப்பும் கன்னிக் கொத்தும்

வணக்கம் நேயர்களே. என் அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைக்கிற ட்ரையர் அடுப்புக்கு விறகு போட்டவர். இரவு வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் பக்கத்தில் நிற்பேன். சூட்டுமானி முள் இறங்கினால் இரண்டு கட்டை உள்ளே போகும். ஏறினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சும்மா நிற்கிற மாதிரித்தான் இருக்கும். கண் மட்டும் முள்ளைவிட்டு நகராது.

வானத்திலும் இப்படி ஓர் அடுப்பு எரிகிறது. கேலக்ஸிகள், அதாவது கோடானுகோடி விண்மீன்கள் சேர்ந்த கூட்டங்கள், கொத்துக் கொத்தாக இருக்கின்றன. பல கொத்துகளின் நடுவில், அக்கம்பக்கத்துச் சின்னதுகளை விழுங்கியே பெருத்த ஒரு தடியன் உட்கார்ந்திருப்பான். அவனைச் சுற்றிக் கோடிக்கணக்கான பாகை சூட்டில் மெல்லிய வாயு. அது எக்ஸ் கதிராகச் சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் ஆறி, நடுவில் இறங்கி, புது விண்மீன்களாகக் குவிந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் கணக்குப் போட்டதில் சிறு பங்குதான் இருக்கிறது. அப்போது விறகு போடுவது யார்?

ஒளியைக்கூடத் தப்பவிடாத கருந்துளைதான். கன்னிக் கொத்தின் நடுவில் எம் 87 என்ற கேலக்ஸி, சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில். 2019 ஏப்ரலில் பத்திரிகைகளில் வந்த அந்தச் செம்மஞ்சள் வளையம் ஞாபகமிருக்கும். அங்குள்ள கருந்துளையின் படம்தான் அது. எடை 650 கோடி சூரியன். அதை நோக்கி விழும் வாயு எல்லாம் உள்ளே போவதில்லை. ஒரு பகுதி ஏறக்குறைய ஒளிவேகத்தில் தாரையாகப் பீறிடுகிறது. 1918இலேயே அமெரிக்க வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் அதை நேரான ஒரு கோடாகக் கண்டு குறித்து வைத்தார். தாரையில் இலத்திரன்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று ரேடியோ அலை விடுகின்றன. இப்போது என் குரலைச் சுமந்து வருவதும் அதே இனத்து அலைதான்.

பெர்சியஸ் என்ற இன்னொரு கொத்தில் இன்னும் வேடிக்கை. நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர்கொண்ட சந்திரா விண்தொலைகாட்டியின் படத்தில், வாயுவுக்குள் பெரிய பெரிய குழிகள். வெறுங்குழி அல்ல, தாரைகள் ஊதிவிட்ட குமிழிகள். எக்ஸ் கதிரில் காலியாகத் தெரியும் அதே இடம் ரேடியோவில் நிறைந்து கிடக்கிறது. சுற்றிலும் குளத்தில் கல் விழுந்தாற்போல வளையங்கள். அவை ஒலி அலைகள் என்று 2003இல் அறிவித்தார்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் ஒரு கோடி ஆண்டு!

வாயு சூடேறினால் நடுவில் இறங்குவது குறையும், கருந்துளைக்குத் தீனி குறையும், தாரையும் தணியும். ஆறினால் மறுபடி விறகு. ஆனால் அந்தச் சூடு வாயு முழுக்க எப்படிப் பரவுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம்தான்.

சித்திரை வருடம் பிறந்த கையோடு, பனிமூட்டம் விட்ட ஓர் இரவில், பதினொரு மணிபோல லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். கன்னிக் கொத்து உச்சந்தலைக்கு நேரே இருக்கும். வெறுங்கண்ணுக்கு எம் 87 தெரியாது. சின்னத் தொலைகாட்டி கிடைத்தால் மங்கலாக ஒரு பொட்டுத் தெரியும். தாரையைக் காணோமே என்று என்னைக் கோபிக்க வேண்டாம்.