கடினம் கூடைப்பந்து ரெஃப்ரிக்கே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கூடைப்பந்தா, பேஸ்பாலா, எந்த ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்வது கடினம்? இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைக் காட்டி பேஸ்பால் அம்பயருக்காக வாதாடினார். சரி, ஒத்துக்கொள்கிறேன். எறிந்த பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது. ஆனாலும் அது எங்கே வரும் என்று அம்பயருக்குத் தெரியுமே! மட்டையாளர் பக்கத்தில் நிற்கும் 17 அங்குல அகலத் தகடான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து, அசையாமல், அதற்காகவே காத்திருக்கிறார்.

கூடைப்பந்து ரெஃப்ரிக்கு நிற்க நேரம் ஏது? 28 மீட்டர் களத்தில் பத்துப் பேரோடு சேர்ந்து ஓட வேண்டும்.

ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். ஒருவர் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறார். இன்னொருவர் குறுக்கே வருகிறார். மோதல், இருவரும் தரையில். தவறு யாருடையது? அரங்கமே பந்தைப் பார்க்கும்போது ரெஃப்ரி பார்க்க வேண்டியது தடுப்பவரை. பாய்ந்தவர் கால் தரையை விடும் முன்பே இவர் இடம்பிடித்துவிட்டாரா? இடி மார்பில் விழுந்ததா, பக்கவாட்டிலா? கூடைக்கு அடியிலுள்ள அரைவட்டக் கோட்டில் இவர் கால் பட்டதா? சிலை மாதிரி நின்றால்தான் தடுப்பவர் பக்கம் நியாயம் என்று பார்வையாளர்கள் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாலும் செல்லும். இத்தனையையும் கண்மூடித் திறப்பதற்குள் பார்த்து விசில் ஊத வேண்டும்.

2010-இல் டெட்ராய்ட்டில் நடந்ததையும் நண்பர் சொன்னார். இன்னும் ஒரே ஒரு அவுட் கிடைத்தால் பந்தெறிபவர் அர்மாண்டோ கலாராகாவுக்கு 'பெர்ஃபெக்ட் கேம்', அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாமல் முடித்த ஆட்டம். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்', அதாவது அவுட் இல்லை, என்று தவறாகச் சொல்லிவிட்டார். கேட்கும்போது எனக்கும் மனசு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே சரியான விடை என்று ஒன்று இருந்தது, வீடியோ உடனே காட்டியது, ஜாய்ஸும் அன்றே தவறை ஒத்துக்கொண்டார். 2026 முதல் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் தொடரான மேஜர் லீகில், எறிந்த பந்து உரிய எல்லைக்குள் வந்ததா என்ற ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து ஆட்டக்காரரே இயந்திரத்திடம் முறையிடலாம்.

நான் சொன்ன மோதலைப் பத்துத் தடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அனுபவமுள்ள இரண்டு ரெஃப்ரிகள் அப்போதும் இரண்டு தீர்ப்புச் சொல்லக்கூடும். உடம்பு உரசும் ஒவ்வொரு முறையும் விசில் ஊதினால் ஆட்டமே நடக்காது. ஊதாமலே விட்டால் கைகலப்பில் முடியும். எந்த உரசல் ஒருவருடைய வாய்ப்பைப் பறித்தது, எது பறிக்கவில்லை என்று ஓடிக்கொண்டே எடைபோட வேண்டும், அதுவும் பயிற்சியாளர் நாலடி தூரத்தில் நின்று கத்தும்போது.

இதை அளக்க எந்த இயந்திரத்தை வைப்பீர்கள்? எதிரணி நண்பர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.