கையால் வெட்டிய சிப்ஸ் எங்கே கிடைக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். புட்டு, கொத்து, மீன்குழம்பு பற்றிச் சொல்ல இந்த ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே நான் எடுத்துக்கொண்டது உருளைக்கிழங்குச் சிப்ஸ். பக்கற்றில் நொறுங்குகிற மெல்லிய சிப்ஸ் அல்ல. விரல் தடிப்பில் வெட்டிப் பொரித்து, வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மா மாதிரியும் இருக்குமே, அது.

கட்டாரில் ஹோட்டல் சமையலறையில் நின்ற காலத்தில் மூட்டை மூட்டையாகக் கிழங்கு வெட்டியிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு மட்டக்களப்பு ரவுனிலும் கல்லடியிலும் கல்முனையிலும், அலைச்சறுக்கு சீசனில் அறுகம்பையிலும் அந்தச் சிப்ஸைத் தேடித்தான் பார்க்கிறேன். அநேகமான இடங்களில் வருவது பிறீசர் பக்கற்தான். ஒரு கபேயில், "தம்பி, இது கையால வெட்டினதா?" என்று கேட்டேன். "ஓம் அண்ணன், பக்கற்ற கையாலதான் வெட்டினோம்" என்றான். பதிலில் பொய்யில்லை, நானும் சிரித்துவிட்டேன்.

உண்மையில் கேட்கவே தேவையில்லை, தட்டைப் பார்த்தால் தெரியும். தொழிற்சாலையில் தண்ணீரின் வேகத்தால் கிழங்கைக் கத்திச் சட்டத்துக்குள் அனுப்பி வெட்டுகிறார்கள். பிறகு அவித்து, உலர்த்தி, பாதி பொரித்து உறைய வைக்கிறார்கள். நிறம் ஒரே சீராக வரச் சிலர் சீனிக்கரைசலில் தோய்ப்பார்கள். நேரம் போனாலும் மொறுமொறுப்பு நிற்க, சில வகைகளுக்கு மெல்லிய மாப்பூச்சும் உண்டு. அதனால்தான் எல்லாத் துண்டும் ஒரே சதுரம், ஒரே மஞ்சள். கையால் வெட்டியதில் ஒன்று தடிப்பாக இருக்கும், ஒன்று மெல்லியதாக ஓரம் கருகியிருக்கும், ஒன்றில் தோல் ஒட்டியிருக்கும். எனக்கு அந்த ஓரம் கருகியதுதான் வேண்டும்.

கடைக்காரர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். கிழங்கே முதல் சிக்கல். நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வருவதில் பெரும்பகுதி கிரனோலா என்ற இனம். கறிக்கு அதைப்போல வராது, அவித்தாலும் கரையாமல் நிற்கும். ஆனால் ஈரம் கூட, மாச்சத்துக் குறைவு. பொரித்தால் நிறம் வந்துவிடும், மொறுமொறுப்பு வராது. இங்கிலாந்தின் சிப்ஸ் கடைகள் விரும்பி வாங்குவது 1966இல் வெளிவந்த மரிஸ் பைப்பர் என்ற இனம். அதை நம் சந்தையில் நான் கண்டதில்லை. பாகிஸ்தான், இந்தியாக் கிழங்கும் வருகிறது. அதில் சிவப்பு மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்கு என்று விற்றதாகத் தம்புள்ளைப் பக்கமிருந்து செய்திகள் வந்ததுண்டு. ஆகவே மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வீட்டில் செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு கோப்பை உப்பை 11 கோப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் கிழங்கைப் போடுங்கள். மாச்சத்துக் கூடியது தாழும், ஈரக் கிழங்கு மிதக்கும். தாழ்ந்ததைச் சிப்ஸுக்கு வையுங்கள், மிதந்தது கறிக்குப் போகட்டும்.

கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிற பழக்கத்தையும் விடவேண்டும். நம் வெயிலுக்குப் பயந்து பலர் வைக்கிறார்கள். குளிரில் கிழங்கின் மாச்சத்து சீனியாக மாறும். பிறகு பொரித்தால் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துக் கசக்கும். அப்படிக் கறுக்கும்போது அக்ரிலமைட் என்ற, உடம்புக்கு ஆகாத பொருள் கூடுதலாக உண்டாகிறது. பொரித்த, சுட்ட உணவுகளில் அது இருப்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் சொன்ன பிறகுதான் உலகம் கவனித்தது. கிழங்கைக் காற்றோட்டமான இருட்டு மூலையில் வையுங்கள். பச்சை பிடித்ததை எறிந்துவிடுங்கள்.

சரி, இப்போது பொரிக்கிற விஷயம். ஒரே தடவையில் பொரித்தால் நல்ல சிப்ஸ் வராது. வெட்டிய துண்டுகளைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, துணியால் ஈரமில்லாமல் ஒற்றவேண்டும். ஈரத்தோடு தாச்சியில் போட்டால் எண்ணெய் உங்கள் முகத்துக்குத்தான் வரும். முதலில் 150 பாகை செல்சியஸ் அளவில், நிறம் மாறாமல் உள்ளே வேகும்வரை பொரித்து எடுத்து, பரப்பி ஆறவிடுங்கள். ஆறும்போது மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிப் போகும். பிறகு 180 பாகைக்கு மேல் எண்ணெயைக் காயவைத்து, இரண்டு மூன்று நிமிடம் மறுபடி போட்டால் பொன்னிறமாகிவிடும். நாள் முழுக்க மீனும் றோல்சும் பொரித்த எண்ணெயில் இதைச் செய்யாதீர்கள், சிப்ஸில் மீன்வாசம்தான் வரும்.

கபே நடத்துகிற தம்பி, தங்கச்சிமார் இதைக் கவனியுங்கள். முதல் பொரியலைக் காலையிலேயே முடித்து, ஆறியதும் குளிரில் எடுத்து வைக்கலாம். பொரித்த பிறகு குளிரில் வைப்பதால் நான் முன்பு சொன்ன சிக்கல் வராது. ஓடர் வந்த பிறகு உங்களுக்கு மிஞ்சுவது அந்த இரண்டு மூன்று நிமிடம்தான். பக்கற் சிப்ஸுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் போகிறதே! வேலைக்கூலி கூடும், உண்மை. அதற்கு விலையைக் கூட்டி, "கையால் வெட்டியது" என்று பலகையில் எழுதுங்கள். நான் கொடுப்பேன். அறுகம்பைக்கு வருகிற வெள்ளைக்காரர்களும் கொடுப்பார்கள், பிறந்த ஊரில் இதைத் தின்று வளர்ந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

நம் ஆட்களுக்குக் கைவராத வேலையா இது? வீதியோரத்தில் மரவள்ளிச் சிப்ஸ் போடுகிறவரைப் பாருங்கள். கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே கிழங்கைச் சீவி விடுவார், மிளகாய்த்தூளையும் உப்பையும் தூவிக் கடதாசியில் சுற்றித் தருவார். அங்கே வந்து பிறீசர் பக்கற் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மரவள்ளியையே விரல் தடிப்பில் வெட்டி, உப்புத் தண்ணீரில் அவித்து, வடித்து, ஆறவிட்டுப் பொரித்துப் பாருங்கள். மாச்சத்துக் கூடிய கிழங்கு, அதனால் கிரனோலாவைவிட நன்றாகவே மொறுமொறுக்கும். ஏதாவது ஒரு கபே இதை மெனுவில் போட்டால் நான் உருளைக்கிழங்கைத் தேடுவதையே நிறுத்திவிடுவேன் என்று மனைவி சொல்கிறாள். பார்ப்போம்.

அப்புறம், தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று. கூட்டமான நேரத்தில் போகாதீர்கள், பின்னேரம் நாலு மணிபோல் போங்கள். கிழங்கை எப்போது வெட்டினீர்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் உட்காருங்கள், பிள்ளை குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தால் பிளேன்ரீ ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்சல் மட்டும் கட்டச் சொல்லாதீர்கள். மூடிய பெட்டிக்குள் அதன் ஆவியிலேயே சிப்ஸ் அவிந்துவிடும். மாரி மாதத்தில், வாவிக்கரைக் காற்றில், வீடு போய்ச் சேருமுன் கதை முடிந்துவிடும். கடையிலேயே இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வணக்கம்.