இரண்டு பக்கமும் ஆடவிட்ட பயிற்சியாளர்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது டியான் சாண்டர்ஸ் என்ற பயிற்சியாளரைப் பற்றி. அவருடைய ஆட்டம் அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்து. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். அதில் ஒரு அணி தாக்கும்போது 11 பேர் இறங்குவார்கள். தடுக்கும் முறை வந்ததும் அவர்கள் வெளியேறி, வேறு 11 பேர் வருவார்கள். இன்றைக்குப் பெரிய அணிகளில் இரண்டு வேலையையும் முழுநேரமாகச் செய்பவரைப் பார்ப்பது மிக அரிது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டியான் சாண்டர்ஸ் 1967இல் புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் பிறந்தவர். தொழில்முறை ஆட்டத்தில் அவர் கார்னர்பேக். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஒட்டியே ஓடி, பந்து வந்தால் தட்டிவிடுவது அல்லது தானே பறித்துக்கொள்வது அவர் வேலை. இப்படி அவர் பறித்த பந்துகள் 53. இந்த எண்ணிக்கை மட்டும் அவர் திறமையைக் காட்டாது. அவர் நிற்கிற பக்கமே பந்தை வீச எதிரணிகள் தயங்கின. 1994 பருவத்தில் சான் பிரான்சிஸ்கோ அணியோடும், அடுத்த பருவத்தில் டல்லாஸ் அணியோடும் தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார். 2011இல் கால்பந்துப் புகழ் மன்றத்தில் இடம் பெற்றார்.

அதே காலத்தில் அவர் பேஸ்பாலும் ஆடினார், அதுவும் முதல்தர லீக்கில். 1989 செப்டம்பரில் ஒரே வாரத்துக்குள் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காக ஹோம் ரன் அடித்தார், அட்லாண்டா ஃபால்கன்ஸ் கால்பந்து அணிக்காகப் பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுனும் எடுத்தார். பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 1992இல், பாதத்தில் எலும்பு முறிந்த நிலையிலும், டொரான்டோவுக்கு எதிராக 15 வாய்ப்புகளில் 8 முறை வெற்றிகரமாக அடித்தார். உலகத் தொடர், சூப்பர் பௌல் இரண்டிலும் ஆடிய ஒரே மனிதர் அவர்தான். 1996இல் டல்லாஸ் அணிக்குப் பந்தைப் பிடிப்பவர்கள் போதவில்லை. கார்னர்பேக்காக இருந்தவர் தாக்கும் பக்கமும் இறங்கி, 36 பந்துகளைப் பிடித்தார்.

இப்படிப்பட்டவர் கல்லூரிப் பயிற்சியாளர் ஆனது எளிதில் நடக்கக்கூடிய காரியம் இல்லை. அவருக்கும் கல்லூரிக்கும் இருந்த உறவு அப்படி. புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பருவத்தில் வகுப்புக்கே போகாமல் பெரிய ஆட்டத்தில் ஆடிவிட்டார். அதைத் தொடர்ந்து அந்த மாநிலத்தில் வகுப்பைப் புறக்கணிக்கும் ஆட்டக்காரர்களைத் தடுக்க வந்த விதியை அவர் பெயராலேயே அழைத்தார்கள். பின்னாளில் டெக்சஸில் அவர் பங்கேற்றுத் தொடங்கிய பள்ளியும் 2015இல் மூடப்பட்டது. அப்புறம் 2020இல், 50 வயதைத் தாண்டி, டல்லடேகா கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது.

ஜாக்சன் ஸ்டேட் என்ன இடம் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதையின் கனம் புரியாது. 1877இல் தொடங்கிய, கறுப்பின மாணவர்களுக்கான கல்வி நிலையம் அது. தெற்கின் பெரிய வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், திறமையான பிள்ளைகளுக்கு இருந்த வழி இத்தகைய கல்லூரிகள்தாம். 1970 மே மாதம் காவல்துறை இங்கே மாணவர் கூட்டத்தின் மீது சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். வால்டர் பேட்டன் போன்ற மகத்தான ஆட்டக்காரர்கள் இங்கிருந்துதான் வந்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்ததும், அங்கிருந்த பணமும் மைதானமும் தொலைக்காட்சியும் இந்தப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. பூட்டியிருந்த கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் அதற்கான விலையை இந்தச் சிறிய கல்லூரிகள் கொடுத்தன.

2021 டிசம்பரில் அந்த ஓட்டம் ஒருமுறை எதிர்த்திசையில் திரும்பியது. நாட்டிலேயே முதல் வரிசையில் மதிப்பிடப்பட்ட பள்ளி ஆட்டக்காரர் ட்ராவிஸ் ஹன்டர், புளோரிடா ஸ்டேட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அது சாண்டர்ஸ் படித்த இடம். கையெழுத்திடும் நாளில் அதை விட்டுவிட்டு ஜாக்சன் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார். கல்லூரிக் கால்பந்தைப் பின்தொடர்பவர்கள் திகைத்துப்போனார்கள். எனக்கு அது இன்றும் மகிழ்ச்சி தரும் நாள்.

அந்த இலையுதிர்காலத்தில் சாண்டர்ஸ் உடலளவில் நொறுங்கிப்போயிருந்தார். காலில் இரத்தம் உறைந்து, இரண்டு விரல்களை அகற்ற வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது சக்கர வண்டியில் உட்கார்ந்தபடி பயிற்சி கொடுத்தார். அணி 11 ஆட்டங்களில் வென்று தன் லீக்கின் பட்டத்தையும் எடுத்தது. அடுத்த ஆண்டு ஜாக்சன் நகரக் குழாய்களில் தண்ணீரே வராத நாட்களையும் கடந்து, 12 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றது.

பிறகு கொலராடோ பல்கலைக்கழகம் அழைத்தது. போய்விட்டார்.

அவர் போனதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியாளர்கள் பெரிய இடத்துக்குப் போவது தினமும் நடக்கிறது. ஆனால் ஜாக்சனில் மக்கள் அழுததும் கோபப்பட்டதும் நியாயமே. தாங்கள் இழந்தவை திரும்பி வருகின்றன என்று நம்பியவர்கள் அவர்கள். எனக்கு உறுத்துவது கொலராடோவில் அவர் முதல் நாள் பேசியது. முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று வென்ற அணி அது. இருக்கும் மாணவர்களை முகத்துக்கு நேரே வேறு கல்லூரி பார்த்துக்கொள்ளச் சொன்னார். 50க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். விதி அதற்கு இடம் கொடுத்தது. மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் கல்லூரி மாறும் உரிமை 2021இல்தான் வந்திருந்தது. சரி, உரிமை மாணவருடையது. அதைப் பயிற்சியாளர் துரத்தும் கருவியாக்கினால் அது வேறு விஷயம். அவர்களும் யாரோ ஒருவர் வீடு தேடிப் போய் அழைத்து வந்த பிள்ளைகள்தானே.

ஹன்டரும் கூடவே கொலராடோ வந்தார். அங்கேதான் சாண்டர்ஸ் உண்மையிலேயே தனித்து நிற்கிறார். எந்தப் பயிற்சியாளரும் 20 வயதுப் பையனிடம் என்ன சொல்வார்? ஒன்றைத் தேர்ந்தெடு, உடம்பு தாங்காது என்பார். சாண்டர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. தன் வாழ்நாள் முழுக்க அதே அறிவுரையைக் கேட்டு, அது தவறு என்று செய்துகாட்டியவர் அவர். 2024இல் ஹன்டர் தாக்கும் பக்கம் 96 பந்துகளைப் பிடித்து 15 டச்டவுன் எடுத்தார். தடுக்கும் பக்கம் 4 பந்துகளைப் பறித்தார். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. அணியும் 13 ஆட்டங்களில் 9 வென்றது. ஆட்ட வியூகத்தை யாரிடமும் கற்கலாம். நடக்காது என்று எல்லாரும் சொல்வதை, நான் செய்திருக்கிறேன், நீயும் செய் என்று சொல்ல அந்த ஒருவரால்தான் முடிந்தது.

அதே அணியின் பலவீனமும் கண்ணுக்குத் தெரிந்தது. பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் சாண்டர்ஸின் மகன் ஷெடோர். முன்வரிசையில் நின்று எதிரிகளை முட்டித் தடுப்பவர்கள் திறம்பட இல்லாததால், 2023இல் அந்தப் பையனை 50 முறைக்கும் மேல் பந்தோடு வீழ்த்தினார்கள். மின்னுகிற ஆட்டக்காரர்கள் சாண்டர்ஸின் பெயரைக் கேட்டு வருகிறார்கள். முன்வரிசைக்காரர்களை அப்படிச் சேர்க்க முடியாது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கி உடம்பு வளர்த்து, ஒருவர் அசைவை ஒருவர் பழகி உருவாகிறவர்கள். ஆண்டுதோறும் ஆட்களை மாற்றும் முறை அவர்களுக்கு ஒத்துவராது.

தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேசியக் கால்பந்து லீக்கின் தேர்வில், 2025 ஏப்ரலில் ஹன்டர் இரண்டாவதாக எடுக்கப்பட்டார். ஷெடோர் 144ஆவது ஆளாகப் போனார். அந்தக் கோடையில் சாண்டர்ஸ் தனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததையும், அந்த உறுப்பையே அகற்றிவிட்டதையும் எதையும் மறைக்காமல் பேசினார். ஆண்கள் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். பருவம் தொடங்கியதும் களத்தில் இருந்தார். ஹன்டரும் மகனும் இல்லாத அணி 3 ஆட்டங்களில் வென்று 9 ஆட்டங்களில் தோற்றது. முன்வரிசையை அவர் இனிதான் கட்ட வேண்டும்.

நன்றி, வணக்கம்.