ஞாயித்துக்கிழமை எங்க போறதுன்னு உங்க வீட்ல முடிவு பண்றது யாரு? (நீங்க நினைக்கிற ஆள் இல்ல)

வணக்கம் மக்களே! போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட எங்கயாவது போனீங்களா? "எல்லாரும் பேசித்தான் முடிவு பண்ணோம்"னு சொல்றீங்களா? அப்போ உங்களை யாரோ அழகா ஏமாத்தியிருக்காங்க. எங்க வீட்ல அது அம்மா.

(திரையில்: வேலூர் சத்துவாச்சாரி, வீட்டு ஹால். மூணு பேர், ஒரே ஃபேன்.)

மே மாசம். வெயிலூர்னு சும்மாவா சொல்றாங்க? மூணு பேருக்கு ஓட்டு. எனக்கு இல்ல. கேமரா பிடிக்கிறவன் கம்முனு இருக்கணும்னு அப்பா உத்தரவு.

அப்பாவுக்கு ஆம்பூர் பிரியாணி. சீரக சம்பா, பக்கத்துல கத்திரிக்காய், அவ்ளோதான் உலகம். அது இல்லன்னா ஏலகிரி. ஸ்ரீபுரம் மட்டும் வேணாம், அந்த நட்சத்திரப் பாதையைச் சுத்தி வர்றதுக்குள்ள முட்டி கழண்டுடும்.

அம்மாவுக்கு ஸ்ரீபுரம் தங்கக் கோயில். 2007-ல கும்பாபிஷேகம் ஆனதுல இருந்து இன்னும் அலுக்கல. அடுத்தது ஆம்பூர். ஏலகிரி கடைசி, ஏன்னா 14 கொண்டை ஊசி வளைவு. அதுக்கெல்லாம் புலவருங்க, வள்ளலுங்க பேரு வெச்சிருக்காங்க. அம்மா மூணாவது வளைவுலயே கண்ணை மூடிட்டு முருகனைக் கூப்பிடுவாங்க.

தங்கச்சிக்கு ஏலகிரி, அப்புறம் ஸ்ரீபுரம். பிரியாணி கடைசி. டயட்டாம்.

(வட ஆற்காடா இருந்தப்போ மூணும் ஒரே மாவட்டம். 2019-ல பிரிச்சதுல ஆம்பூரும் ஏலகிரியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. ஒரு பிளேட் பிரியாணிக்கு அப்பா மாவட்டம் தாண்டணும். சரி, விஷயத்துக்கு வரேன்.)

இப்போ பேப்பர் பேனா எடுங்க. நிஜமாத்தான், வீடியோவை நிறுத்திட்டு எடுங்க.

ஆம்பூரா, ஏலகிரியா? அப்பாவும் அம்மாவும் ஆம்பூர். ஆம்பூர் ஜெயிச்சுது.
ஏலகிரியா, ஸ்ரீபுரமா? அப்பாவும் தங்கச்சியும் ஏலகிரி. ஏலகிரி ஜெயிச்சுது.
அப்போ ஆம்பூர்தானே எல்லாத்துக்கும் மேல? ஸ்ரீபுரத்தோட மோத விட்டுப் பாருங்க. அம்மாவும் தங்கச்சியும் ஸ்ரீபுரம்! ஆம்பூர் அவுட்டு.

கல்லு, பேப்பர், கத்திரி மாதிரி ஒண்ணை ஒண்ணு தின்னுட்டே சுத்துது. மூணு பேருமே தெளிவாத்தான் இருக்காங்க, குடும்பம்தான் குழம்பிடுச்சு.

இதை 1785-லயே எழுதி வெச்சவர் கொண்டோர்செட்னு ஒரு பிரெஞ்சுக்காரர். நம்ம வேலூர் கோட்டைல சிப்பாய்ங்க கிளம்புறதுக்கு 21 வருஷம் முன்னாடி. அப்புறம் 1951-ல கென்னத் ஆரோ இதை இன்னும் பெரிசா நிரூபிச்சார், 1972-ல நோபல் வாங்கினார். வரலாறு அவ்ளோதான், தூங்கிடாதீங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அடுத்த பகுதி. எந்தக் கேள்வியை முதல்ல கேக்குறாங்களோ அதை வெச்சே முடிவு மாறும்! அம்மா என்னைக்காவது "ஸ்ரீபுரம் போலாமா"ன்னு ஆரம்பிச்சிருக்காங்களா? மாட்டாங்க. வெங்காயம் உரிச்சுக்கிட்டே, தலையைக்கூட நிமித்தாம, "ஏங்க, ஆம்பூரா ஏலகிரியா?"ன்னு கேப்பாங்க. ஆம்பூர் ஜெயிக்கும். அப்பா சட்டை மாட்டுவார். ரெண்டு நிமிஷம் கழிச்சு, "இந்த வெயில்ல பிரியாணியா? பேசாம ஸ்ரீபுரம் போய்ட்டு வந்துடலாமே." தங்கச்சி உடனே அம்மா பக்கம். முடிஞ்சுது கதை. ஏலகிரி முதல் ரவுண்டுலயே காலி, அதைத் திரும்ப யாரும் எடுக்க மாட்டாங்க.

நமக்கு வேணுங்கிறதைக் கடைசி வரைக்கும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. அம்மா பத்தாவதோட நிறுத்தினவங்க. கொண்டோர்செட்டுக்குக் கணக்கு தெரியும், அம்மாவுக்கு எங்க அப்பாவைத் தெரியும். என் ஓட்டு அம்மாவுக்குத்தான் (இருந்தா). உங்க வீட்ல இந்த வேலையைப் பாக்குறது யாருன்னு கமெண்ட்ல போடுங்க, ஆனா போனை அவங்க கைக்குக் குடுக்காதீங்க.

போன வாரம் ஒரு தப்பு பண்ணிட்டேன். இந்த ஸ்கிரிப்டை டேபிள் மேல வெச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல, அதே வெங்காயம், அதே கேள்வி. "ஏங்க, ஆம்பூரா ஏலகிரியா?"

அப்பா பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்காம, "ஏலகிரி."

அம்மா கத்தியைக் கீழ வெச்சுட்டாங்க. தங்கச்சியும் ஏலகிரி. ரெண்டாவது ரவுண்டுல அம்மா ஸ்ரீபுரத்தை எடுத்தும் பாத்தாங்க, நிக்கல, ரெண்டுக்கு ஒண்ணு.

பத்து மணிக்கு வண்டி பெங்களூர் ஹைவேல. ஏலகிரிக்கு எந்த ஊர் வழியா போகணும்னு வேலூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மேம்பாலம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அப்பா இடது பக்க இன்டிகேட்டரைப் போட்டார்.