நெல் வயலில் புழங்கும் சொற்கள்: மா முதல் பதர் வரை

(காட்சி: வரப்பின் மேலிருந்து, பரம்படித்துச் சமன்செய்த வயல்)

வணக்கம். காவிரி டெல்டாவில் நிலக் கணக்கு 'மா'வில்தான் ஓடும். 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா ஒரு ஏக்கர்; 20 மா ஒரு வேலி. யாராவது உர அளவு சொன்னால் மாவுக்கா, ஏக்கருக்கா என்று முதலில் கேளுங்கள். மாவுக்குச் சொன்னதை ஏக்கருக்குப் போட்டால், பயிருக்குப் போவது மூன்றில் ஒரு பங்குதான்.

அடுத்தது பட்டம், அதாவது பயிர்ப் பருவம். ஜூன், ஜூலையில் விதைத்து 105 முதல் 120 நாளில் அறுப்பது குறுவை. ஆகஸ்டில் நீண்டகால ரகம் விதைப்பது சம்பா. குறுவை அறுத்த வயலிலேயே, தாளை (அறுத்தபின் நிற்கும் அடிக்கட்டையை) மடக்கி உழுது நடுவது தாளடி. இதற்கு 130, 135 நாள் ரகம் போதும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். தாளடியில் 155 நாள் ரகம் போட்டால், கதிர் வரும்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்காது.

(காட்சி: நாற்றங்கால்)

ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால். குறுகியகால ரகமென்றால் 24 கிலோ விதை, 18 முதல் 22 நாளில் நாற்றுப் பறிப்பு. நாற்று முற்றினால் தூர் (அடியில் கிளம்பும் பக்கக் கிளை) குறையும். மூன்று சென்டிமீட்டருக்குமேல் ஆழமாக நட்டாலும் தூர் வரத் தாமதமாகும்.

(காட்சி: ஒரு குத்து, மிக அருகில்)

தூர் என்பது அடிக்கணுவிலிருந்து கிளம்பும் பக்கக் கிளை. ஒரு குத்தில், அதாவது ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்தில், எத்தனை கதிர் என்பது இங்கேதான் முடிவாகிறது. அதனால் தூர் கட்டும் பருவத்தில் களையை விட்டுவைக்காதீர்கள். மேலுரமாக யூரியா போடும் நாளில் தண்ணீரைச் சுண்டவிட்டு, மடையை அடைத்துவிட்டுப் போடுங்கள். மடை திறந்திருந்தால் யூரியா அடுத்த வயலுக்குப் போய்விடும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்: ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, அது மறைந்து, மண்ணில் முடிபோல் மெல்லிய வெடிப்பு தெரியும்போது மறுபடி பாய்ச்சுவது. விரல் நுழையும் வெடிப்பு வரை காயவிட்டால் வேர் அறும். பிறகு பாய்ச்சும் தண்ணீரும் வெடிப்பு வழியாகக் கீழே இறங்கிவிடும்.

கதிர் இலையுறைக்குள் பருத்து நிற்பது பொதி. தொண்டைக் கதிர் என்றும் சொல்வார்கள். பொதி முதல் பால் பிடித்து முடியும் வரை காய்ச்சல் வேண்டாம், வயலில் தண்ணீர் நிற்கட்டும். இந்த நாட்களில் வறண்டால் மணி உள்ளீடற்றுப் போகும். அதுதான் பதர்.

பதருக்கு வேறு காரணங்களும் உண்டு. கதிர் முழுவதும் வெளுத்து நிமிர்ந்து நிற்கிறதா? பிடித்து இழுங்கள். சுலபமாகக் கையோடு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் தண்டுத்துளைப்பான். கதிர் பச்சையாகவே இருந்து, இடையிடையே சில மணிகள் மட்டும் கறுத்துச் சப்பையாக இருந்தால், பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சியைத் தேடுங்கள். காலையில் கதிரிலேயே உட்கார்ந்திருக்கும். கெட்ட வாடையே காட்டிக்கொடுக்கும்.

(காட்சி: களம்)

கதிரில் ஐந்தில் நான்கு பங்கு மணி பழுத்ததும் அறுக்கலாம். அப்போது நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அரசு கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17 சதவீதம். மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவைத்துத் தூற்றிய பிறகு மூட்டை பிடியுங்கள்.